கயிறு தளரும்வரை

பின்வாசல் பப்பாளி மரத்தடியில் நாய்க்குச் சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மரம் வலப்பக்கமாக நகர்ந்தது. காற்று இல்லை. நகர்ந்த மரம் வெடுக்கென்று பழைய இடத்துக்கு வந்தது, மறுபடி நகர்ந்தது. மதிலும் கொடியில் காய்ந்த சேலையும் அதன் பின்னாலேயே ஓடின. நாய்ச் சங்கிலி கட்டியிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் சுற்றல் நிற்கவில்லை. குடித்த காப்பி வெளியே வந்தது. சீசர் தன் சோற்றை முடித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தட்டை நக்கப் போய்விட்டான்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் பூகோள டீச்சர். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது, ஆனால் அது நமக்குத் தெரிவதில்லை என்று வருடம் தவறாமல் பாடம் நடத்துகிறவள். தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்று காலைதான் விளங்கியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பசுமலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. கணவர் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் போர்மேன். மகள் வசந்தி கல்லூரியில் முதல் வருடம். இதற்கு மேல் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நாயைத் தவிர.

எழுந்து நின்றால் வீடே சுற்றுகிறது என்று சொல்லி, யாரும் முழுதாக நம்பாமல், இருட்டறையில் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் பாதி நாயைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்த வைத்தியத்திலும் பாதி அவன்தான்.

எங்கள் பக்கத்தில் தலைசுற்றல் என்றால் பித்தம். அதற்கு மேல் விசாரணை கிடையாது. இஞ்சிச் சாறு வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, சீரகத் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டு அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிங்க டீச்சர். எம்புட்டுப் பித்தமா இருந்தாலும் இறங்கிரும்" என்றார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கண்ணை மூடி, தலையணையில் தலையை அசைக்காமல் வைத்திருந்தால் உலகம் நின்றது. அதனால் அசையாமல் கிடந்தேன். பகலிலும் ஜன்னலைச் சாத்திவைத்தார்கள். வாந்தி நின்றதும் குணமாகி வருகிறது என்று வீட்டில் நிம்மதியானார்கள். தலையை ஒரு விரற்கடை திருப்பினால் என்ன நடக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சீயக்காய் வைத்தார்கள். கண் எரியாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய மறு நொடி தரை எது, சுவர் எது என்று தெரியவில்லை. விழுவதுகூடத் தெரியவில்லை. ஈரத் தரை கன்னத்தில் ஒட்டிய பிறகுதான் விழுந்திருக்கிறேன் என்று புரிந்தது. பித்தம் இறங்கியதோ இல்லையோ, நான் இறங்கிவிட்டேன். தலையில் பாதிச் சீயக்காயோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் என்னவோ ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாளா, அவள் மேல் விழுந்துவிடுவேன் என்று பயந்தாளா, தெரியாது. இரண்டுமே எனக்கு வலித்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அதிகம் பேசாதவர். விரலை என் முகத்துக்கு முன்னால் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். என் கண்மணிகள் விரலோடு போய், அங்கே நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்தனவாம். இதற்கு நிஸ்டாக்மஸ் (கண் தானாக ஒரு பக்கம் துடித்து ஓடுவது) என்று பெயர். பிறகு படுக்கவைத்துக் காதில் குளிர்ந்த நீர் விட்டார். வலது காதில் விட்டபோது அறை முழுவதும் சுழன்றது. இடது காதில் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காது எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. சுற்றாமல் இருந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சமீபத்துல சளி, காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார். வந்திருந்தது.

"அந்தக் கிருமி இடது காது நரம்பைக் கெடுத்துட்டுப் போயிருக்கும்மா. கேக்குற நரம்பு நல்லாத்தான் இருக்கு. நிக்கிறதுக்குச் சேதி சொல்ற நரம்புதான் போச்சு."

வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உள்காதிலிருந்து உடம்பின் சமநிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பில் வரும் அழற்சி) என்று சீட்டில் எழுதினார். வெர்டிகோ (சுற்றுப்புறமே சுழல்வதாகத் தோன்றும் உணர்வு) அதனால் வருவது. வலது காது ஒன்று சொல்கிறது. இடது காது வாய் திறப்பதில்லை. மூளை குழம்பிப்போய், நாம் சுற்றுகிறோம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

"மருந்து டாக்டர்?" என்றார் என் கணவர்.

"வாந்திக்கு மாத்திரை தாரேன், அதையும் சீக்கிரமே நிறுத்திரணும். இதுக்கு நடைதான் மருந்து. படுத்தே கிடந்தா மூளை பாட்டுக்கு ரெண்டு காதும் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருக்கும். எந்திரிச்சு, தள்ளாடி, தலையை இப்படி அப்படித் திருப்பி, ஒண்ணுதான் இருக்குன்னு அதுக்குக் காமிக்கணும். வீட்டுக்குள்ள நடந்தாப் பத்தாது. மேடு பள்ளம், ஆள் நடமாட்டம், வண்டி எல்லாம் இருக்கிற எடத்துல நடக்கணும்."

"விழுந்துட்டா?"

"கொஞ்சம் தள்ளாடத்தான் செய்வாங்க சார். கூட யாரையாவது அனுப்புங்க."

உங்களுக்கு வந்திருப்பது வேறாக இருக்கலாம். தலைசுற்றலில் பல வகை உண்டு. ஆகவே உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காரணம் தெரியாமல் படுத்திருக்காதீர்கள்.

கூட யார் வருவது? கணவருக்கு ஷிப்ட். வசந்தி காலையில் போனால் மாலையில் வருவாள். தனியாக ஒருநாள் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். நேராகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு இடப்பக்கச் சாக்கடையை நோக்கிப் போயிருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றது. பகல் வெளிச்சத்தில் ஒரு பொம்பளை தள்ளாடி நடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதிலும் டீச்சர். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் சீசரைக் கூட்டிக்கொண்டு போகும் யோசனை வந்தது. நாயோடு போனால் எல்லோரும் நாயைப் பார்ப்பார்கள். நான் தள்ளாடினால் நாய் இழுக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பழி அவன்மேல் போகும். இந்த யோசனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன துணை என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

சீசர், ராஜபாளையமும் எங்கள் தெருவும் கலந்த வெள்ளை நாய். உயரம் ராஜபாளையத்துடையது; புத்தி தெருவினுடையது. கட்டிப்போட்டால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. குட்டியிலிருந்து பப்பாளி மரத்தடியில் சங்கிலியில்தான் கிடந்தான். வெளியுலகம் அவனுக்கு மதிலுக்கு அப்பால் கேட்கும் சத்தம் மட்டும்தான். அப்படிப்பட்டவனைத் தெருவுக்குக் கொண்டுபோனால் ஆடு, கோழி, சைக்கிள், குரங்கு, பலூன்காரர் எதைக் கண்டாலும் பாய்வதைத் தவிர வேறென்ன தெரியும்?

"கயித்தைக் கையில நல்லா ரெண்டு சுத்துச் சுத்திப் பிடி தனம். விட்டுறாத" என்றார் கணவர். சுற்றிப் பிடித்தேன். கண்மாய்க்கரையில் ஆட்டு மந்தை ஏறியது. சீசர் பாய்ந்தான். கயிறு கையை விடவில்லை, கை உடம்பை விடவில்லை. புழுதியில் கொஞ்ச தூரம் நானும் அவனோடு ஆடு பிடிக்கப் போனேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது, முழங்கால் கிழிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "டீச்சர், நீங்க நாயக் கூட்டிட்டுப் போறீகளா, நாய் உங்களக் கூட்டிட்டுப் போகுதா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. திட்டம் பலித்துவிட்டதே!

கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்காலுக்கு அவர்தான் மருந்து போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பாண்டி என்னைப் பார்க்க வந்தான். மேலூர்ப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். காய்த் திருட்டுக்குக் காவல் வேண்டும்.

"மாப்ள, இந்த நாயை நீ கொண்டுபோயிரு" என்றார் கணவர்.

"சித்திரைத் திருவிழா முடியட்டும் மச்சான். வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான் பாண்டி. என் கையைப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கயித்தையே கையில சுத்த மாட்டமேக்கா. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" என்றான்.

நான் கெஞ்சினேன். திருவிழா வரைக்கும் அவகாசம் கிடைத்தது. அதற்குள் சீசர் பாயாமல் நடக்கப் பழகினால் இருக்கலாம், இல்லையென்றால் மேலூர். கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சீசர் மேலூர் போனால் நான் திரும்பவும் இருட்டறைக்குத்தான் போவேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. டாக்டர் சொன்ன நடை, பள்ளிக்கூடம், எல்லாம் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தது.

முதலில் மிரட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஆடு தெரிந்ததும் கயிற்றை இறுக்கி, "டேய், டேய்" என்றேன். கயிறு இறுகினால் எதிரி வருகிறான் என்று சீசர் கற்றுக்கொண்டான். ஆடு இல்லாதபோதுகூட, கயிறு இறுகியதும் எங்கே எங்கே என்று தேடினான்.

பிறகு ஆசை காட்டினேன். டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவன் பாய்வான்; நான் கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பேன்; அவன் அடங்கித் திரும்பியதும், நல்ல பிள்ளை என்று ஒரு துண்டு கொடுப்பேன். நாளாக ஆக அவன் பாய்ச்சல் கூடியது. ஒருநாள் கூடவந்த வசந்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீசர் ஒரு கோழியைப் பார்த்து ஒப்புக்கு ஒரு குரை குரைத்துவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டு என் முந்தானையைப் பார்த்தான்.

"அம்மா, இவன் கோழிக்குக் குரைக்கலம்மா. பொறைக்குக் குரைக்கிறான்."

சேட்டை செய்த பிள்ளையைச் சமாதானப்படுத்த மிட்டாய் கொடுக்கும் டீச்சரை நான் ஸ்டாப் ரூமில் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

அன்று கண்மாய்க்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது, ரோட்டில் ஒரு மாட்டுவண்டி பஸ்ஸுக்கு ஒதுங்கிப் போனது. மாடு காதைக்கூட அசைக்கவில்லை. எங்கள் அய்யாவுக்குச் செக்கானூரணிப் பக்கம் நிலம். வண்டிக்குப் புதிதாக வாங்கும் காளை பஸ்ஸைக் கண்டு மிரளும். மிரளும் மாட்டை ரோட்டில் அடித்து ஓட்டிப் பழக்குவதில்லை. பஸ் ஒரு பொட்டாகத் தெரியும் தூரத்து வயலில் கட்டுவார்கள். பஸ் சத்தம் கேட்டதும் ஊறவைத்த பருத்திக்கொட்டைக் கூடையை அதன் வாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். சத்தம் நின்றதும் கூடையை எடுத்துவிட வேண்டும். கூடை தூக்குவது எனக்கும் பாண்டிக்கும் வேலை. கொஞ்ச நாளில் ஹாரன் கேட்டால் மாடு மிரளாது, கூடையைத் தேடும். அப்புறம் ஒரு வயல் தள்ளி, ரோட்டுப் பக்கமாகக் கட்டுவார்கள். பிறகு இன்னொரு வயல். கடைசியில் ரோட்டோரப் புளியமரத்தில் கட்டினாலும் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாய்க்கு ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாய் வேறு, மாடு வேறு என்று பிரித்து வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் மந்தை ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. கண்மாயை ஒட்டிய பொட்டலின் இந்தக் கோடியில், ஆடுகள் வெறும் புள்ளிகளாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தோம். புள்ளி தெரிந்ததும், அவன் காது நிமிர்ந்த உடனே, குரைக்கும் முன்னால் பொறை. புள்ளி இருக்கும்வரை சின்னச் சின்னத் துண்டாகப் பொறை. மந்தை மறைந்ததும் முந்தானையை முடிந்துவிடுவேன். முதலில் குழம்பினான். பிறகு ஆடு தெரிந்தால் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அந்த முதல் பார்வையை நான் மறக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளை தானாகக் கை தூக்கிய மாதிரி இருந்தது.

அவன் முரண்டு பிடித்த நாட்களில் பின்னால் போனோம். நன்றாக இருந்த நாட்களில் கொஞ்சம் முன்னால் போனோம். முன்னால் போன நாட்களைவிடப் பின்னால் போன நாட்கள் அதிகம் என்று நினைக்கிறேன்.

நடப்பதற்கு ஒரு சட்டம் வைத்தேன். கயிற்றைக் கையில் சுற்றுவதில்லை, மடித்துப் பிடிப்பது. கயிறு தளர்வாக இருந்தால் நடப்போம். இறுகினால் நான் நின்றுவிடுவேன். இழுக்க மாட்டேன், திட்ட மாட்டேன், மரம் மாதிரி நிற்பேன். அவன் திரும்பிப் பார்த்து ஓரடி பின்னால் வந்து கயிறு தளர்ந்ததும் மறுபடி நடப்போம். தெருமுனைக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிடும். "டீச்சர் நாய்க்குப் போஸ் குடுக்கச் சொல்லிக் குடுக்காக" என்று டீக்கடையில் பேச்சு.

நிற்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. நடந்தால் எப்படியோ போய்விடலாம். சும்மா நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் சாயும். பாதத்தின் அடியில் கூழாங்கல்லைத் தேடித் தேடி அழுத்திக்கொள்வேன். சீசர் எத்தனை முறை இழுத்தானோ அத்தனை முறை நான் நிற்கப் பழகினேன். கழுத்தைக் கட்டைபோல வைத்துக்கொண்டு நடப்பது என் வழக்கமாகியிருந்தது. ஆனால் அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள இடமும் வலமும் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும்போதெல்லாம் உலகம் கொஞ்சம் பிந்தி வந்து நின்றது. பிந்தும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சீசர் இழுப்பதைக் குறைத்ததும் என் தள்ளாட்டம் வெளியே தெரிந்தது. தளர்ந்த கயிறும் அமைதியான நாயும் பக்கத்தில் இருக்க, நான் மட்டும் கோணலாகப் போய்க்கொண்டிருந்தேன். இனிப் பழிபோட ஆள் இல்லை. டீக்கடைக்காரர் ஒருநாள், "உடம்புக்கு என்ன டீச்சர்?" என்று நேராகவே கேட்டார். முதல் முறையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னேன்: "இடது காது நரம்பு கெட்டுப்போச்சுண்ணே. அதான் நேரா நடக்க முடியல." அவர், "அட, அம்புட்டுத்தானா" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். எத்தனை மாதப் பயம், அம்புட்டுத்தான்.

திருவிழா நாட்கள் வந்தன. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஜனங்கள் மூட்டையோடு, மொட்டைத் தலையோடு, உறுமியோடு மதுரைக்கு நடந்தார்கள். அன்று நாங்கள் பிரதான ரோட்டுப் பக்கம் போயிருக்கக் கூடாது. உறுமிச் சத்தத்தில் சீசர் பழகியதெல்லாம் மறந்து எழும்பினான். கயிறு இறுகியது, ரோடு சாய்ந்தது. விழப்போகிறேன் என்று தெரிந்ததும் விழுவதற்கு முன்னால் நானே ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டேன், மறியல் செய்கிறவள்போல. நாய் ஒரு பக்கம் தொங்க, ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா குனிந்து, "விரதமா தாயி?" என்று சொம்பில் பானகம் கொடுத்தார். ஆமாம் என்று குடித்தேன். மிச்சத்தைச் சீசர் குடித்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "விழல, உட்கார்ந்தேன்" என்றேன். கணவர், "ரெண்டும் தரைதானே தனம்" என்றார்.

திருவிழா முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பினார்கள். சொன்னபடி பாண்டி வந்தான். கப்பலூரில் சரக்கு ஏற்றிக்கொண்டு மேலூர் போகும் லாரி ஒன்று மெயின் ரோட்டில் நின்று நாயை ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். போகும் முன்னால் சீசரின் தலையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் போனார். ரோடு வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். அழக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். படி இறங்குவதற்குள் முடிவு கலைந்துவிட்டது.

கயிற்றைப் பாண்டி வாங்கிக்கொண்டான். கழுத்துப்பட்டிக்குப் பக்கத்தில் குறுக்கிப் பிடித்து இழுத்து நடந்தான். சீசர் பழைய சீசரானான். சந்தில் ஒரு கோழியைக் கண்டு பாய்ந்து பாண்டியைச் சுவரில் மோதவைத்தான். "இதையா பழக்கியிருக்கேன்னு சொன்ன?" என்றான் தம்பி.

"கொண்டா இங்க" என்று கயிற்றை வாங்கித் தளர விட்டேன். சீசர் உடம்பை ஒரு உதறு உதறினான். நடந்தோம். கண்மாய்க்கரை முக்கில் மந்தை இறங்கி எங்கள் மேலேயே உரசிக்கொண்டு போனது. சீசரின் காது நிமிர்ந்தது. மந்தையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பொறையைக் கொடுத்தேன். கடைசி ஆடு போகும்வரை கொடுத்தேன். பாண்டி பின்னால் வந்தான். பருத்திக்கொட்டைக் கூடை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மெயின் ரோட்டை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நான் சட்டென்று திரும்பிவிட்டேன். அத்தனை மாதங்களில் அப்படித் திரும்பியதே இல்லை. ரோடு செங்குத்தாக எழுந்தது. லாரி எந்தப் பக்கம், சாக்கடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உடம்பு பின்னால் சாய்ந்துகொண்டே போனது. கையில் கயிறு இறுகியது.

சீசர் நின்றுவிட்டான். நாலு காலையும் ஊன்றி நின்று திரும்பி என்னைப் பார்த்தான். இழுக்கவில்லை, குரைக்கவில்லை. லாரி எங்களைக் கடந்து புழுதி கிளப்பிப் போய் அப்பால் நின்றது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. நான் அந்தக் கயிற்றில் சாய்ந்து தொங்கினேன். ரோடு மெல்ல மெல்ல இறங்கித் தன் இடத்தில் படுத்தது. என் கால் எனக்குக் கிடைத்தது. ஓரடி முன்னால் வைத்தேன். கயிறு தளர்ந்தது. உடனே அவன் நடக்கத் தொடங்கினான்.

அவன் என்னைக் காப்பாற்றினான் என்று கதை கட்ட மாட்டேன். கயிறு இறுகினால் நிற்க வேண்டும், தளர்ந்தால் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். யார் பக்கம் இறுகியது என்று அவன் பார்க்கவில்லை. அன்று முரண்டு பிடித்தது நான். அவன் நான் நின்ற மாதிரியே நின்று, எனக்காகக் காத்திருந்தான்.

லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, "ஏத்துப்பா நாயை" என்றார்.

பாண்டி என்னைப் பார்த்தான், சீசரைப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாய் வரலண்ணே" என்றான். "அதுக்கு இங்க வேலை இருக்கு."

"மச்சான்ட்ட என்னடா சொல்றது?" என்றேன்.

"நானே சொல்லிக்கிறேன். நீ பார்த்துப் போக்கா." ஏறி உட்கார்ந்து போய்விட்டான்.

அன்று மாலை கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்வாசலை எட்டிப் பார்த்தார். அந்த வாரமே பப்பாளி மரத்தடிச் சங்கிலியைக் கழற்றிக் கிணற்று வாளிக்கு மாட்டினார்.

டாக்டரிடம் மறுபடி போனேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன்; ஆனால் விழவில்லை. "இந்தக் காது இனி வராதும்மா. மூளை ஒத்தைக் காதை வச்சுச் சமாளிக்கக் கத்துக்கிட்டு இருக்கு. அசதியா இருந்தா, இருட்டுல நின்னா, மறந்துபோகும். மறுபடி நடந்து ஞாபகப்படுத்துங்க" என்றார். குணமாகிவிட்டதா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். கேள்வி எனக்கே பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஜூனில் பள்ளிக்குப் போனேன். இப்போதும் போகிறேன். தலைக்குக் குளிக்கும்போது ஒரு கை சுவரில் இருக்கும். கண்ணை மூடினால் என் உடம்பு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. பாதம்தான் சொல்ல வேண்டும். முன்பு நடை என்பது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கண்டுகொள்ளாமல் போகும் நேரம். இப்போது அதுவே நேரம். பள்ளிக்கு முன்னதாகக் கிளம்புகிறேன். வழியில் யார் கூப்பிட்டாலும் உடனே திரும்புவதில்லை. முதலில் கண், பிறகு தலை, பிறகு கால். மரியாதை தெரியாதவள் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

கரும்பலகையில் படம் வரைந்துவிட்டு வகுப்பின் பக்கம் திரும்ப வேண்டிய நொடியில், சில நாள் என் உள்ளங்கையில் கயிறு இறுகும். கையில் சாக்பீஸ் மட்டும்தான் இருக்கும். நான் நின்றுவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தமில்லாமல் காத்திருக்கிறார்கள். தளர்ந்ததும் திரும்புகிறேன்.